வாக்கியத்தின் கடைசிச் சொல்

எந்த மைக் வாங்கலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி ஒலிப்பதிவு வேலையில் இறங்கியிருக்கும் உங்களில் யார் போன் செய்தாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கிறது. அடுத்தது, சுவரில் ஒட்டும் பஞ்சு எங்கே கிடைக்கும். அதற்கும் பதில் சொல்லி முடித்தால், இரைச்சலை எடுக்க எந்த ஆப் நல்லது என்கிறீர்கள். நான் ஒரு வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவள். இப்போது புதுக்கோட்டையில் வீட்டோடு இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லித்தருவதில் எனக்குக் கஞ்சத்தனம் கிடையாது. ஆனால் இதை யார் கேட்கப் போகிறார்கள், கேட்டுவிட்டு அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று பேச்சைத் தொடங்கிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆரோக்கியமேரி மேடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்று நீங்கள் உங்களுக்குள் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். எரிந்துதான் விழுகிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பெயர் வேண்டாம். பார்வையற்ற தேர்வர்களுக்காகப் போட்டித் தேர்வு நூல்களை ஒலிநூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். வாசிப்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். வீட்டில் உட்கார்ந்து செல்போனில் வாசித்துப் பதிந்து அனுப்புவார்கள். நல்ல காரியம்தான். அவர்களுடைய விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வரச் சொன்னபோது சந்தோஷமாகத்தான் போனேன். சால்வை போர்த்தினார்கள், மேடையில் உட்கார வைத்தார்கள். செயலாளர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், எத்தனை நூல்கள் ஏற்றியிருக்கிறோம், எந்தெந்த நாட்டிலிருந்து பாராட்டு வந்திருக்கிறது என்று நீளமாகப் பேசினார். பிறகு, நம் நூல்களால் பயன்பெற்ற ஒரு பிள்ளை நன்றி சொல்லும் என்று அறிவித்தார்.

கடலோரத்துக் கட்டுமாவடியிலிருந்து ரிஸ்வானா வந்திருந்தாள். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. தமிழ் இலக்கியம் படித்து, பி.எட். முடித்து, அரசு வேலைக்கான தேர்வு எழுதிக்கொண்டிருந்தவள். அவளுடைய அண்ணன் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவந்து, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டீங்க. நன்றிங்க" என்று ஆரம்பித்தாள். நல்ல திடமான குரல். "ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். ஒங்க அரசியலமைப்புப் புத்தகத்த வரி வரியாக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டுப் போயித்தான், தெரிஞ்ச கேள்விக்குத் தப்பா விடை சொல்லிட்டு வந்தேன். பாதி வரிக்கு முடிவே இல்லங்க. எத்தனையோ தடவ போன் போட்டுச் சொன்னேன். யாருமே…"

செயலாளர் சிரித்துக்கொண்டே வந்து அவள் கையிலிருந்த மைக்கை உருவிக்கொண்டார். "பாப்பா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. பாப்பாவுக்கு ஒரு பலத்த கைதட்டு!" என்றார்.

கூட்டம் கைதட்டியது. அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. அவள் விரல்கள் மைக் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன. மைக் போனது புரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, ஏதோ சொன்னாள், கைதட்டலில் அது முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. அண்ணன் வந்து தோளைத் தொட்டதும் இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்து என்னைப் பேச அழைத்தார்கள். அதே மைக் இப்போது என் கையில். அந்த மனிதரை அங்கேயே வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாக்குத் துடித்தது. ஆனால் நான் அந்தப் பதிவை இன்னும் கேட்கவில்லை. கேட்காத ஒலியைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேசுவது நம் தொழிலில் பெரிய பாவம். கோபத்தில் ஒரு தவறான வார்த்தை சொல்லிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அதனால் இவ்வளவுதான் சொன்னேன்: "அந்தப் பெண் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர் சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டு வந்து நான் பேசுகிறேன்." மைக்கை மேசை மேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

மண்டப வாசலில் பஸ்ஸுக்குக் கிளம்பத் தயாராக இருவரும் நின்றிருந்தார்கள். அண்ணன்தான் முதலில் பேசினார். "விடுங்க மேடம், இவ எப்பவுமே இப்படித்தான் பட்டுனு பேசிருவா. நாங்க போறோம்."

"அவ பேசுனதக் கேக்கத்தான் நான் எறங்கி வந்தேன் தம்பி" என்றேன். "அந்தப் புத்தகம் போன்ல இருக்காம்மா?"

ரிஸ்வானா இயர்போனை என் பக்கம் நீட்டினாள். விரலால் தடவித் தடவி ஓர் இடத்தைப் பிடித்து ஓடவிட்டாள்.

முதலில் காதில் விழுந்தது ஒரு நல்ல பெண் குரல். உச்சரிப்பு அருமை. ல, ள, ழ எல்லாம் தனித்தனியாக வந்து நின்றன. பின்னணியில் ஒரு தூசு சத்தம்கூட இல்லை. உங்களில் பலர் அதைக் கேட்டால் 'என்ன சுத்தம்!' என்பீர்கள். எனக்கு அந்தச் சுத்தமே பயமாக இருந்தது. வாசிப்பவர் மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை. வீடு என்ற ஒன்று அந்தக் குரலைச் சுற்றி இருப்பதாகவே தெரியவில்லை. பிறகு அந்த வரி வந்தது.

"குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்க முடி"

அவ்வளவுதான். மயான அமைதி. அப்புறம் அடுத்த வரி.

"முடியுமா, முடியாதா? சொல்லுங்க மேடம்" என்றாள் ரிஸ்வானா. "அதுக்கு முந்துன பாடத்துல, குடியரசுத் தலைவர் தேர்தல்ல அவுங்க ஓட்டுப் போடலாம்னு வருது. அது மாதிரிதான் இதுவும்னு நெனச்சு 'முடியும்'னு மனசுல ஏத்திக்கிட்டேன். பரீட்சையில அதே கேள்வி வந்துச்சு. நான் சொல்லச் சொல்ல எனக்காக எழுதுன பொண்ணுகிட்ட ரொம்பத் தெம்பாச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வியில போச்சு."

"யாருகிட்டயாச்சும் கேட்டுப் பாத்துருக்கலாமேம்மா" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"சந்தேகம் இருந்தாத்தானே கேக்குறதுக்கு? ஒரு எடத்துல 'முடி'ன்னு நிக்குது, ஒரு எடத்துல 'ஆகா'ன்னு நிக்குது, சில எடத்துல சுத்தமா அந்த வார்த்தையே இல்ல. கண்ணு தெரிஞ்சவுங்க பக்கத்தத் திருப்பிப் பாத்துக்குவீங்க. நான் எதத் திருப்பிப் பாக்க? திருப்பித் திருப்பிக் கேட்டாலும் அதே வெட்டுதான்."

அண்ணன் மெதுவாகச் சொன்னார். "சவூதியிலருந்து லீவு போட்டு வந்து நாந்தான் மேடம் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போனேன். லீவு முடியுது. அடுத்த பரீட்சைக்கு நான் இருக்கமாட்டேன்."

என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறீர்களே, இரைச்சலைத் தானாக நீக்கும் அந்த வசதி, அதன் வேலை. உரத்து வருவது பேச்சு, மெலிந்து வருவது இரைச்சல் என்று அது கணக்குப் போடுகிறது. மெலிந்ததையெல்லாம் துடைத்து எறிகிறது. தமிழில் வாசிப்பவர் யாராக இருந்தாலும் வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் தணியும், மூச்சும் அங்கேதான் குறையும். நம் மொழியில் உண்டா இல்லையா, ஆகுமா ஆகாதா என்பது உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில்தான். ஃபேன் சத்தம் என்று நினைத்து அந்த ஆப் 'யாது' என்பதை விழுங்கியிருக்கிறது. ஒரு நூல் முழுக்க விழுங்கியிருக்கிறது. ஏற்றியவர்களில் ஒருவர்கூட அதைக் கடைசிவரை கேட்கவில்லை.

விழா முடிந்து, செயலாளர் சாப்பாட்டுப் பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேராகப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தார்.

"மேடம், எங்க சர்வர்ல ஏத்துனா எல்லா ஆடியோவும் தானாவே சுத்தமாயிரும். அப்படி செட் பண்ணி வச்சிருக்கோம். கொஞ்சம்கூட சத்தமே இல்லையேன்னு எல்லாரும் பாராட்டுறாங்க."

"பாராட்டுறவங்க அதப் படிச்சுப் பரீட்சை எழுதலையே சார்."

"நீங்க ரேடியோவுல இருந்தவங்க, ஒங்க தரம் வேற. இது சேவை. கண்ணு தெரியாதவங்களுக்கு ஏதோ நம்மால ஆனது. இதுக்குப் போயி இவ்வளவு தரம் பாத்தா ஒரு வேலையும் நடக்காது மேடம். இலவசமாத்தானே குடுக்குறோம்?"

ஏதோ நம்மால ஆனது. இந்தச் சொற்களை நான் மறக்கப் போவதில்லை. ரேடியோவில் ஒரு சோப்பு விளம்பரத்தின் கடைசி எழுத்து கொஞ்சம் தேய்ந்தால் கம்பெனிக்காரன் வந்து மறுபடி பதியச் சொல்லி உட்கார்ந்துகொள்வான். சோப்புக்கு அவ்வளவு மரியாதை. ஒரு பெண்ணின் வேலையும் வாழ்க்கையும் அந்த ஒலியை நம்பி இருக்கும்போது மட்டும் 'ஏதோ' போதுமா? உங்களில் எத்தனை பேர் சினிமாப் பாட்டைத் திருப்பிப் பாடிப் பதியும்போது எதிரொலியில் ஒரு மயிரிழைக்கு மெனக்கெடுகிறீர்கள்! பாடநூல் ஒலிப்பதிவு என்றால் மட்டும் 'கேட்டாப் போதும்' என்கிறீர்கள்.

"அந்தப் புத்தகத்தத் தளத்துலருந்து மொதல்ல எடுங்க சார். சரி பண்ணி மறுபடி போடலாம்" என்றேன்.

"விழா கொண்டாடுன அன்னைக்கே நூல எடுத்தா எங்க மானம் என்னாகுறது?" என்றார்.

வாசித்தது யார் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வெளியே வந்தேன்.

அரிமளத்தில் செல்வராணி டீச்சர். அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பள்ளி விட்டு வந்து, சமையலை முடித்துவிட்டு, தினமும் வாசித்துப் பதிந்திருக்கிறார். வீடு மெயின் ரோட்டில், பஸ் திரும்புகிற வளைவில். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் ஒரு எழுத்தக்கூட முழுங்கமாட்டேன் மேடம். பிள்ளைகளுக்கே விடமாட்டேன். யாரோ ஒங்ககிட்டத் தப்பாச் சொல்லியிருக்காங்க."

"ஏத்துனதுக்கு அப்புறம் நீங்க கேட்டீங்களா டீச்சர்?"

"இல்லையே. அவுங்கதான் பாத்துக்குவோம்னாங்க."

இயர்போனைக் கொடுத்தேன். அவர் கேட்கக் கேட்க நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தன் குரலைக் கேட்ட ஒரு சின்னப் பெருமை. பிறகு புருவம் சுருங்கியது. பிறகு இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கொரல் என்னோடதுதான். நான் வாசிச்சது இது இல்ல" என்றார். "இதக் கேட்டா படிச்சாங்க? என் பேரு வேற மொதல்லயே வருதே."

அவர் போனில் இருந்த மூலப் பதிவுகளைத் தேடினோம். இடம் போதவில்லை என்று அழித்துவிட்டிருந்தார். எல்லாவற்றையும் புதிதாக வாசிக்க வேண்டும். புத்தகமோ தலையணை கனம். அடுத்த தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சரின் மேசையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு வேறு இருந்தது. ஆரம்பத்திலிருந்து வரிசையாகத் தொடங்கலாம் என்றார் அவர். அப்படிப் போனால் தேர்வுக்குள் பாதிகூட முடியாது என்று எனக்குத் தெரிந்தது. எதை முதலில் வாசிப்பது என்று நானும் டீச்சரும் வாதாடிக்கொண்டிருந்தோம். பிறகுதான், இதைத் தீர்மானிக்க நாங்கள் இரண்டு பேர் யார் என்று தோன்றியது. ரிஸ்வானாவுக்குப் போன் போட்டேன்.

"வரலாறு, விளக்கம் எல்லாம் கெடக்கட்டும் மேரிம்மா" என்றாள். மேடம் என்பது எப்போது மேரிம்மா ஆனது என்று தெரியவில்லை. "யாருக்கு என்ன அதிகாரம், யாருக்கு இல்ல, எது செல்லும், எது செல்லாது, அந்தப் பாடங்கள மட்டும் வாசிக்கச் சொல்லுங்க. தப்பாக் கத்துக்கிட்டது அங்கதான். தெரியாதத விட்டுட்டு வரலாம். தப்பாத் தெரிஞ்சத என்ன பண்ண?"

டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உடனே புத்தகத்தை எடுத்துப் பக்கங்களை மடித்து அடையாளம் வைக்க ஆரம்பித்தார்.

கருவி எதுவும் நான் வாங்கவில்லை. டீச்சரின் செல்போனும், சட்டைக் காலரில் குத்துகிற சாதாரண மைக்கும்தான். ரோட்டுப் பக்கத்து அறையை விட்டு உள்ளறைக்கு மாற்றினேன். பீரோவைத் திறந்து சேலைகள் தெரியும்படி வைத்து, அதற்கு எதிரில் உட்கார வைத்தேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும். இரைச்சலைத் தானாக நீக்குகிற, ஒலியைத் தானாகக் கூட்டுகிற எல்லா வசதிகளையும் அணைத்தேன். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். சிக்கல் ஃபேனில் வந்தது.

அது நல்ல கோடை. ஃபேனை நிறுத்தினால் டீச்சருக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்த்தால் அவருக்கு அவசரம் வந்தது. அவசரம் வந்தால் வாக்கியத்தின் வால் அவர் வாயிலேயே தேய்ந்தது. ஓடவிட்டாலோ அடியில் 'உய்ய்' என்று ஒரே சத்தம். ரேடியோவில் இருந்த நாளில் ஃபேன் சத்தத்தோடு ஒரு பதிவை நான் வெளியே விட்டதே இல்லை. கை அந்தப் பழக்கத்திலேயே சுவிட்சுக்குப் போனது. வேறு வழி தெரியாமல் இரண்டு விதமாகவும் கொஞ்சம் பதிந்து ரிஸ்வானாவுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். "ஃபேன் ஓடட்டும்மா. எங்க வீட்டுப் பக்கம் நாள் பூரா கடல்ல போற போட்டு மோட்டார் சத்தம். அதுலதான் நான் படிக்கிறேன். ஃபேன் என்னைய என்ன பண்ணப் போவுது? எனக்கு வார்த்த வேணும். டீச்சர் நிம்மதியா வாசிக்கணும்."

ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்து ஓடவிட்டேன். நம் காதுக்கு அழகாக இருப்பதற்காக இன்னொருவருடைய வார்த்தையை விலையாகக் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? இரைச்சல் இருந்தால் கேட்பவர் அதைத் தாண்டிக் கேட்டுக்கொள்வார். போன சொல்லை எந்த ஆப்பும் திருப்பித் தராது. முடிந்தவரை இரைச்சலை மைக்குக்கு வராமலே தடுங்கள். அதற்கு மேல் வந்தால் சகித்துக்கொள்ளுங்கள். வெட்டாதீர்கள்.

டீச்சரிடம் நான் கேட்டது ஒன்றுதான். "வகுப்புக்கு வாசிக்கிற மாதிரி வேணாம் டீச்சர். ரிஸ்வானா எதுத்தாப்ல ஒக்காந்துருக்கா, அவளுக்கு ஒவ்வொரு வரியா எடுத்துக் குடுக்குறீங்கன்னு வச்சுக்குங்க." அதன் பிறகு அவர் 'முடியாது' என்று வாசித்தால் அந்த 'து' எழுந்து நின்றது. பஸ் ஹாரன் அடித்தால் நிறுத்தி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து எடுப்பார். அலுத்துக்கொள்ளவே மாட்டார். விடைத்தாள் கட்டைப் பள்ளிக்கூடத்து இடைவேளையில் திருத்தினாராம்.

பாடங்கள் முடிந்ததும் வழக்கப்படி அறக்கட்டளைக்கு அனுப்பினார். பழைய பாடங்களுக்குப் பதிலாக இவற்றை ஏற்றுங்கள், சுத்தம் செய்யாமல் ஏற்றுங்கள் என்று பேசியும் அனுப்பினார். ஏற்றினார்கள். நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

ரிஸ்வானாவிடமிருந்து போன் வந்தது. "மேரிம்மா, மறுபடியும் வாலக் காணோம்" என்றாள். குரலில் அழுகை இல்லை. சலிப்புத்தான் இருந்தது. அந்தச் சலிப்பு எனக்கு இன்னும் வலித்தது.

அதே சர்வர், அதே தானியங்கி. ஃபேன் சத்தம் இருந்ததால் இந்த முறை இன்னும் ஆழமாக வெட்டியிருந்தது. செயலாளருக்குப் போன் போட்டு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் சாவகாசமாகச் சொன்னார்: "சிஸ்டம் அப்படி மேடம். ஒருத்தருக்காக சிஸ்டத்த மாத்த முடியுமா? அதோட நன்கொடை தர்றவங்க கேட்டுப் பாக்குறப்ப ஃபேன் சத்தம் வந்தா நல்லாருக்காது."

அப்போது நான் அரிமளத்தில் டீச்சர் வீட்டில்தான் இருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. டீச்சர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சார், செல்வராணி பேசுறேன். நான் வாசிச்சத நேரா அந்தப் பொண்ணுக்கே அனுப்பிரப் போறேன். கேக்குற மத்தவங்களுக்கும் அனுப்புவேன்."

"அப்படியெல்லாம் வெளியில குடுக்கக் கூடாதும்மா. அது அறக்கட்டளையோட பதிவு."

"என் கொரல் சார் அது" என்றார் டீச்சர். "அது எங்க போகணும்னு நான்தான் சொல்லணும். ஒங்க தளத்துல இருக்குறதுலருந்து என் பேர எடுத்துருங்க. அந்த மாதிரி நான் வாசிக்கல."

தொடக்கத்தில் 'அவுங்கதான் பாத்துக்குவோம்னாங்க' என்று எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டிருந்த மனுஷி. போனை வைத்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு ஒவ்வொரு பாடமாக ரிஸ்வானாவுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றையும் அனுப்பும் முன் இயர்போனில் முழுதாகக் கேட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

தேர்வு நாளில் ரிஸ்வானாவுடன் போக ஆள் இல்லை. அண்ணன் கிளம்பிப் போயிருந்தார். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, மீன்பிடிப் படகு வேலையில், அம்மாவுக்கு முட்டு வலி. செல்வராணி டீச்சர் விடுப்புப் போட்டுவிட்டுக் கட்டுமாவடி போய் அவளை அழைத்துக்கொண்டு தேர்வு மையத்துக்குப் போனார். போகும் வழியெல்லாம் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே போனார்களாம்.

அவள் தேறினாள். இப்போது குன்றாண்டார்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். புதுக்கோட்டையில் தங்கி, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். இதை நான் சந்தோஷமாகச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்த வேலை அவளுக்கு முந்தின தேர்விலேயே கிடைத்திருக்க வேண்டும். அண்ணன் ஊரில் இருக்கும்போதே கிடைத்திருக்க வேண்டும். அதை யார் திருப்பித் தருவார்கள்?

இதோடு முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் அறக்கட்டளை ஒரு பேனர் வைத்தது. அதில் ரிஸ்வானாவின் பெரிய படம். 'எங்கள் ஒலிநூல்களைக் கேட்டே அரசுப் பணியில் அமர்ந்தவர்' என்று கீழே எழுதியிருந்தது. அவளைக் கேட்கவில்லை. அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவர் பார்த்துவிட்டு வந்து அவளுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். அவளால் பார்க்க முடியாத பேனரில் அவள் முகத்தை வைத்துப் பொய் எழுதியிருக்கிறார்கள். நான் கொதித்துப் போய் உடனே போய்க் கிழித்துவிடுகிறேன் என்றேன்.

"நீங்க கிழிக்க வேணாம்மா. நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அன்று மாலை தன் அறையில் உட்கார்ந்து பேசிப் பதிந்தாள். வாசிக்கும் தன்னார்வலர்கள், கேட்கும் தேர்வர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினாள். எனக்கும் வந்தது. எந்த நூலில் எந்தப் பாடத்தில் எந்த வரி அறுந்திருக்கிறது, அதில் தான் எப்படித் தவறாகக் கற்றாள், பிறகு யார் வாசித்ததைக் கேட்டுத் தேறினாள் என்று ஒரு கடுஞ்சொல் இல்லாமல் சொல்லியிருந்தாள். படத்தை எடுத்துவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தாள். வெளியே எங்கோ ஒரு ஆட்டோ போகிற சத்தம் இருந்தது. ஒரு சொல்கூடக் குறையவில்லை.

பேனர் அடுத்த நாளே இறங்கியது. மன்னிப்புக் கிடையாது. அந்த நூல் தளத்திலிருந்து ஓசையில்லாமல் காணாமல் போனது. தன்னார்வலர்கள் சிலர் தங்கள் நூல்களைத் தாங்களே முதல் தடவையாகக் கேட்டுவிட்டு, செல்வராணி டீச்சருக்குப் போன் செய்து அழுதார்கள். சிலர் மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். செயலாளர் என்னை எங்கு பார்த்தாலும் இப்போது வணக்கம் சொல்வதில்லை. நல்லது.

ஆனால் எனக்குக் கோபம் அடங்காமல் போனது வேறொன்றால். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிஸ்வானா என் வீட்டுக்கு வந்திருந்தபோது, குழுவில் இருந்த ஒரு பையன், முகம் தெரியாதவன், அவளுக்குத் தனியாகப் பேசி அனுப்பியிருந்ததைப் போட்டுக் காட்டினாள். அவனும் பார்வையற்றவன். அதே நூலை வைத்துத் தேர்வு எழுதித் தேறாமல் போனவன்.

"அக்கா, அந்தப் புத்தகம் அப்படித்தான் இருந்துச்சுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். எனக்குக் காதும் மந்தமாயிட்டு வருதோன்னு பயந்து போயி, படிக்கிறதையே விட்டுட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

எத்தனை பேர் இப்படித் தங்கள் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறார்களோ. நம் சோம்பேறித்தனத்துக்கு அவர்கள் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள்.

"என்னம்மா பதில் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒங்க காதுல ஒரு கொறையும் இல்ல தம்பி, மறுபடி புத்தகத்த எடுங்கன்னு பேசி அனுப்புனேன்" என்றாள். "அனுப்புறதுக்கு முன்னாடி, கடைசி வரைக்கும் ஒரு தடவ போட்டுக் கேட்டுக்கிட்டேன்மா."